அம்மா அப்பா பிரிஞ்சு வழக்கு நடக்குது, நடுவுல ரெண்டு பிள்ளைகள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்க ஆக்கள் கொஞ்சம் சொல்லுங்க

கல்லாத்துச் சித்தி:

எல்லாருக்கும் வணக்கம். அக்காட பிள்ளைகளப் பத்திக் கேக்கத்தான் இந்த இழையத் துடங்குறன், கொஞ்சம் நீளம்தான், வாசிச்சிட்டுச் சொல்லுங்க. அக்காவும் அத்தானும் பிரிஞ்சு இரிக்காங்க, மாவட்ட நீதிமன்றத்துல விவாகரத்து வழக்கு போகுது. எங்கட பக்கத்து வழக்கம் தெரியும்தானே, வீடு அக்காக்குச் சீதனமாக் குடுத்த வீடு, அதால அத்தான்தான் உடுப்புப் பேக்கோட வெளிக்கிட்டுப் போய் திருக்கோவில்ல தங்கச்சி வீட்ட இரிக்கார். பிள்ளைகள் அக்காவோடயும் எங்கட அம்மாவோடயும். மூத்தவன் அஞ்சாம் ஆண்டு, இந்த வருசம் புலமைப்பரிசில். சின்னவள் நேசறி.

சனிக்கிழமை காலைல அத்தான் வந்து கூட்டிட்டுப் போய் ஞாயிறு பின்னேரம் கொண்டு வந்து விடுறது எண்டு பேச்சு. ஆனா ஒவ்வொரு முறையும் படலையடில சண்டைதான். அவர் மோட்டர்சைக்கிள ஓஃப் பண்ணாமலே ஹோன் அடிப்பார், அம்மா உள்ளுக்கு இருந்து ஏசுவா, அக்கா சின்னவள்ட கையப் பிடிச்சிக்கிட்டு அழுதுக்கிட்டு நிப்பா, றோட்டால போற ஆக்கள் எல்லாம் நிண்டு பாப்பாங்க. இப்ப வெள்ளிக்கிழமை இரவானா மூத்தவனுக்கு வயித்துக்குத்து துடங்கிரும். டொக்டர்ட காட்டி ஸ்கேனும் எடுத்தாச்சு, ஒண்டும் இல்லையாம். சின்னவள் பாயில மூத்திரம் போற பழக்கம் விட்டு எவ்வளவோ காலம், அது திரும்ப வந்திட்டு.

நான் கண்ணால கண்ட ஒரு விசயம் சொல்றன். ஒரு ஞாயிறு கடைக்குப் போய்ட்டு வாறன், ஒழுங்கை முடக்குல அத்தான்ட மோட்டர்சைக்கிள் நிக்குது. மூத்தவன் இறங்கி, தகப்பன் வாங்கிக் குடுத்த புதுச் சேட்டக் கழட்டி மடிச்சு பேக்குக்கு அடில வச்சிட்டு, வீட்டுல இருந்து போட்டுக்கிட்டுப் போன பழைய சேட்ட எடுத்துப் போட்டு பட்டன் எல்லாம் பூட்டிட்டுத்தான் திரும்ப ஏறினான். அப்பிடிச் செய்யச் சொல்லி ஆரும் அவனுக்குச் சொல்லல்ல. அத்தான் மற்றப் பக்கம் பாத்துக்கிட்டு நிண்டார்.

இப்ப வீட்டுல என்னெண்டா, அம்மா சொல்றா பிள்ளைக்கு ஏதோ பட்டிருக்கு நூல் கட்டணும் எண்டு. மாமா சொல்றார் அடுத்த வழக்குத் தவணைக்கு மூத்தவனையும் கூட்டிட்டுப் போய் "அப்பாவோட போக விருப்பமில்ல" எண்டு சொல்ல வைப்பம் எண்டு. அக்கா ஞாயிறு இரவு பிள்ளைய இருத்தி வச்சி அங்க என்ன நடந்த, ஆரு வந்த எண்டு கேட்டு போன்ல றெக்கோட் பண்றா. எனக்கு இது எதுவுமே சரியாப் படல்ல, ஆனா வேற என்ன செய்யிற எண்டும் தெரியல்ல.

வாவிக்கரை:

சேட்டு விசயம் வாசிச்சு நெஞ்சு அடைச்சுப் போச்சு. பத்து வயசுப் பிள்ளை அம்மம்மாட முகம் சுருங்கப்படாது எண்டும் பாக்கிறான், அப்பாட மனசு நோகப்படாது எண்டும் பாக்கிறான், இவ்வளவு பாரத்த ஒரு பெரியாளே தாங்க மாட்டார். தங்கச்சி, மாமாட யோசனைய மட்டும் இண்டைக்கே நிப்பாட்டுங்க, மற்றதெல்லாம் பிறகு பேசலாம்.

அஞ்சாம் வகுப்பு டீச்சர், களுவாஞ்சிக்குடி:

நான் ஆரம்பப் பிரிவுல படிப்பிக்கிறன். இப்பிடிப் பிள்ளைகள் ஒவ்வொரு வருசமும் வகுப்புல இருப்பாங்க, பேர் சொல்லாமலே எங்களுக்கு விளங்கும், திங்கக்கிழமைல முகம் ஒரு மாதிரி, வெள்ளிக்கிழமைல வேற மாதிரி. சில பேர் நித்திரை தூங்குவாங்க, சில பேர் சின்ன விசயத்துக்கும் பக்கத்துப் பிள்ளைக்கு அடிப்பாங்க, பென்சில் விழுந்த சத்தத்துக்கே திடுக்கிடுற பிள்ளையும் கண்டிருக்கன். இன்னொரு வகை இருக்கு, அதுதான் எனக்குக் கூடப் பயம், அச்சாப் பிள்ளையா, ஒரு குழப்படியும் இல்லாம, எல்லாரையும் சந்தோசப்படுத்திக்கிட்டே இருக்கும். உங்கட அக்காட மகன் அந்த வகை போல கிடக்கு. குழப்படி செய்யிற பிள்ளைய எல்லாரும் கவனிப்பாங்க, இந்தப் பிள்ளைய ஆரும் கவனிக்க மாட்டாங்க.

நீங்க செய்யக்கூடின முதல் வேலை, வகுப்பு டீச்சர தனியாச் சந்திச்சு ரெண்டே ரெண்டு வசனம் சொல்றது. வீட்டுல பிரிவு நடக்குது, சனி ஞாயிறு பிள்ளை இடம் மாறுறான். அவ்வளவு போதும், ஆர்ல பிழை எண்ட கதை டீச்சருக்குத் தேவையில்ல. அதே நேரம் ரெண்டு பக்கமும் தனித்தனியா வந்து ஸ்கூல் கேற்றடில பிள்ளையக் கூப்பிட்டு விசாரிக்கிறத நிப்பாட்டணும், மற்றப் பிள்ளைகள் பாக்கக்குள்ள அதுகளுக்கு உயிர் போற வெக்கம்.

புலமைப்பரிசில் எண்டதும் எனக்கு இன்னொரு கவலை. புள்ளி குறைஞ்சா "உன்ட அப்பன் வீட்ட போய் வந்துதான்" எண்டு ஒரு பக்கம், "உன்ட அம்மா படிப்பிக்கல்ல" எண்டு மற்றப் பக்கம், கடைசில அந்தச் சோதனையே பெத்தவங்கட வழக்குல இன்னொரு சாட்சியாப் போகும். இந்த வருசம் அவன் நித்திரை கொள்றானா, சாப்பிடுறானா, பின்னேரம் விளையாடுறானா எண்டதப் பாருங்க. புள்ளிய விடுங்க.

அக்கரை அண்ணன்:

எல்லாரும் பிரிஞ்ச பிறகு என்ன செய்யலாம் எண்டு சொல்றீங்க, நான் கேக்கிறன் ஏன் பிரியணும்? எங்கட தாய் தகப்பன் சண்டை பிடிக்கல்லையா, பட்டினி கிடக்கல்லையா, இடம்பெயர்ந்து ஓடல்லையா, ஆனாலும் ஒரு கூரைக்குக் கீழதான் எங்கள வளத்தாங்க. பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போற மனசு இப்ப குறைஞ்சு போச்சு. பெரியாக்கள் நாலு பேர் ரெண்டு குடும்பத்தையும் இருத்திப் பேசினா தீராத பிரச்சினை இல்ல. என்ட மனசுல பட்டத சொல்றன், ஆரும் கோவிக்க வேணாம்.

கிரான்குளத்தான்:

அண்ணன், நீங்க நல்ல மனசோடதான் சொல்றீங்க எண்டு விளங்குது, அதால மறைக்காமச் சொல்றன், நான் அந்தக் கூரைக்குக் கீழ வளந்த பிள்ளை. எங்கட அம்மா எங்களுக்காகத்தான் பொறுத்தா. எனக்கு எப்பிடிப் பழக்கம் எண்டா, இரவு படலைக் கொளுக்கிய பலமாத் தட்டிச் சத்தம் வந்தா அப்பா குடிச்சிட்டு வாறார், மெல்லத் தூக்கினா குடிக்கல்ல. கட்டில் வலைக்குள்ள புத்தகத்த விரிச்சு வச்சிக்கிட்டு அந்தக் கொளுக்கிச் சத்தத்தத்தான் கேட்டுக்கிட்டு இருப்பன். தங்கச்சிக்குக் காதப் பொத்துற வேலையும் என்டதான். நாலு பெரியாக்கள் வந்து இருத்திப் பேசின கதை எங்கட வீட்டுலயும் எத்தனையோ தரம் நடந்த, அவங்க தேத்தண்ணி குடிச்சிட்டுப் போன பிறகு இரவு இன்னும் கூட அடி விழும்.

அம்மாவும் அப்பாவும் பிரிஞ்ச பிறகுதான் வீடு அமைதியாச்சு. கஷ்டம் இருந்த, காசு இல்ல, ஊர்ச் சனம் கதைச்ச, ஆனா நான் நித்திரை கொண்டன். எனக்குப் பெரிய உதவி செஞ்சது என்ட தாய்மாமன். அவர் ஒரு நாளும் என்ன நடந்த எண்டு கேக்கல்ல. பின்னேரம் வாவிக்குப் போகக்குள்ள என்னையும் தோணில ஏத்திட்டுப் போவார், வலைய இழுடா, அத எடுடா எண்டு வேலை சொல்லுவார், அவ்வளவுதான். நானாத் துடங்கி ஒரு நாள் எல்லாத்தையும் சொன்னன், மனுசன் கேட்டுக்கிட்டே வலைய மடிச்சார். அண்டைக்கு அவர் அப்பாவ ஒரு சொல்லு ஏசியிருந்தா நான் அதுக்குப் பிறகு வாய் திறந்திருக்க மாட்டன். கெட்டவர் எண்டாலும் அவர் எனக்கு அப்பா.

அக்கரை அண்ணன்:

தம்பி, வாசிச்சன். அடி உதை இருக்கிற வீட்ட நான் சொல்லல்ல, அது வேற. கடவுள் உங்களுக்குத் துணை.

உளவளத்துணை, மட்டு:

நான் பிரதேச செயலகத்துல உளவளத்துணைப் பக்கம் வேலை செய்யிறன், எங்க எண்டு சொல்லாம விடுறன். சித்தி கேட்டதுக்கு என்னால ஏலுமான அளவு எழுதுறன்.

முதல்ல, வயித்துக்குத்து நடிப்பில்ல. ஸ்கேன்ல ஒண்டும் இல்ல எண்டா நோவு இல்ல எண்டு அர்த்தமில்ல. பிள்ளைட உடம்பு வரப்போற சண்டைய முதல் நாளே எதிர்பாத்து இறுகிப் போகுது. சுனாமிக்குப் பிறகு கடல் கொஞ்சம் சத்தமா அடிச்சாலே நாங்க எல்லாரும் பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு ஓடினம்தானே, அலை வரல்ல எண்டு மூளைக்குத் தெரிஞ்சும் கால் நிக்கல்ல. அவனுக்கு இப்ப ஹோன் சத்தம் அப்பிடித்தான். சின்னவள் பாயில போறதும் அதுதான், பயந்த பிள்ளை தான் பாதுகாப்பா இருந்த வயசுக்குத் திரும்பிப் போகும், சில பிள்ளை விரல் சூப்பும், சிலது மழலை பேசும், சிலது தாய விட்டு கிணத்தடிக்குக் கூடப் போகாது. ஏசாதீங்க, மற்றாக்களுக்கு முன்னால சொல்லாதீங்க. பாய்க்குக் கீழ பொலித்தீன் ஒண்டு விரிச்சு, நனைஞ்சா சத்தமில்லாம மாத்தி விடுங்க. வீட்டுச் சூடு தணிஞ்சா அதுவும் மெல்ல நிக்கும். நோவு காய்ச்சல் இருந்தா மட்டும் டொக்டர்ட திரும்பக் காட்டுங்க.

நேசறி வயசுப் பிள்ளை உலகத்துல நடக்கிறதெல்லாம் தன்னாலதான் எண்டு நினைக்கும். நான் பால் குடிக்கல்ல, அதான் அப்பா போய்ட்டார் எண்டு சொன்ன பிள்ளை இருக்கு. அதால ஒரு தரம் இல்ல, பல தரம், சின்னச் சின்னச் சொல்லால சொல்லணும்: "அப்பாவும் அம்மாவும் ஒரே வீட்டுல இருக்கிறல்ல எண்டு முடிவெடுத்திருக்கம், அது பெரியாக்கள்ட பிரச்சினை, நீ ஒண்டும் செய்யல்ல. நீ அப்பாவோடயும் விருப்பமா இருக்கலாம், அம்மாவோடயும் விருப்பமா இருக்கலாம்." சொல்லிட்டு, அந்தப் புதுச் சேட்ட அம்மம்மா கழுவிக் காயப்போட்டு, "வடிவா இருக்கு மனே, நாளைக்குப் போடு" எண்டு சொல்லணும். பிள்ளை சொல்ல நம்பாது, கொடில அந்தச் சேட்டக் கண்டா நம்பும்.

ஞாயிறு வந்த உடனே கேள்வி வேணாம். சாப்பாடு, குளிப்பு, கொஞ்சம் விளையாட்டு. ஒரு உலகத்துல இருந்து இன்னொரு உலகத்துக்கு வாற பிள்ளைக்கு இறங்க நேரம் வேணும், அந்த நேரத்துல அழுதா, எரிஞ்சு விழுந்தா, "அங்க ஏதோ செஞ்சிட்டாங்க" எண்டு முடிவெடுக்காதீங்க. சனிக்கிழமை அப்பா வீட்ட இறங்கக்குள்ளயும் அதே அழுகை வரும், அவங்களும் அங்க இதையே நினைப்பாங்க. சுவர்ல ஒரு கலண்டர், அப்பாட நாளுக்கு ஒரு கலர், அம்மாட நாளுக்கு ஒரு கலர், சின்னவளே நிறம் தீட்டட்டும். நாளைக்கு எங்க நித்திரை கொள்ளுவன் எண்டு தெரிஞ்ச பிள்ளைட வயிறு கொஞ்சம் இளகும்.

படலையடிச் சண்டைதான் இதுல பெரிய காயம், அத நிப்பாட்டினா பாதி சரி. பெத்தவங்க ரெண்டு பேரும் முகம் பாக்காத மாதிரி கைமாத்துங்க. மூத்தவன் சனி காலைல ரியூசன் போறானா? அக்கா அங்க கொண்டு விடட்டும், முடிய அத்தான் அங்க இருந்து கூட்டிட்டுப் போகட்டும். ஞாயிறு உங்கட வீட்ட கொண்டு வந்து விடட்டும், நீங்க கூட்டிட்டுப் போய் விடுங்க. ரெண்டு பேரும் நல்ல சிநேகிதரா மாறணும் எண்டு ஆரும் கேக்கல்ல. சந்திக்காமலே, கதைக்காமலே ரெண்டு பேரும் நல்ல தாய் தகப்பனா இருக்கலாம், கடும் சண்டை இருக்கிற குடும்பத்துக்கு அதுதான் நடைமுறைக்கு ஏலுமானது. கதைக்க வேண்டியத மெசேஜ்ல எழுதுங்க, பிள்ளைட விசயம் மட்டும், ரெண்டு மூணு வரி, மரியாதையா. "காய்ச்சல், பனடோல் நாலு மணிக்குக் குடுத்த, அடுத்தது எட்டு மணிக்கு." பழைய கணக்கு அதுக்குள்ள வரப்படாது. பிள்ளைட வாயில செய்தி அனுப்பாதீங்க, "அப்பாட்ட காசு கேளு" எண்டது ஒரு பிள்ளைக்குக் குடுக்கிற மிகப் பாரமான சுமை.

இவ்வளவும் ரெண்டு வீடும் பாதுகாப்பான வீடு எண்டா மட்டும்தான் பொருந்தும். ஒரு வீட்டுல அடி, குடிவெறி, உடம்புல கை வைக்கிற பிரச்சினை இருந்தா, அத "குடும்பச் சண்டை" எண்ட பேர்ல போட்டு மூடப்படாது. பிள்ளை அப்பிடி ஏதும் சொன்னா பதறாமக் கேளுங்க, திரும்பத் திரும்பத் தோண்டாதீங்க, பிள்ளை சொன்ன சொல்லை அப்பிடியே ஒரு கொப்பில எழுதி வைங்க, "சொன்னது நல்லது, உன்ட பிழை இல்ல" எண்டு சொல்லுங்க, ஆருக்கும் சொல்ல மாட்டன் எண்டு சத்தியம் பண்ணாதீங்க. 1929 சிறுவர் உதவி இலக்கம், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைட, காசில்லாம எந்த நேரமும் எடுக்கலாம். பொலிஸ்ல சிறுவர் மகளிர் பிரிவு இருக்கு. பிரதேச செயலகத்துல சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருப்பார்.

நீங்க சித்திதானே. பிள்ளை தேறி வாறதுக்கு ஆடாம அசையாம நிக்கிற ஒரு பெரியாள் போதும் எண்டு என்ட வேலைல எத்தனையோ தரம் கண்டிருக்கன். தம்பி சொன்ன தாய்மாமன் அந்த ஆள். இந்த வீட்டுல அது நீங்களா இருக்கலாம்.

வாழைச்சேனை அப்பா:

நான் மற்றப் பக்கத்துல நிக்கிறவன், ஒரு மகளின்ட தகப்பன். சொன்னா நம்புவீங்களோ தெரியல்ல, பிள்ளைய விட்டுட்டுத் திரும்பி வாற அந்த றோட்டு ஒரு தகப்பனுக்கு எப்பிடி எண்டு ஆரும் கேக்கிறல்ல. வீடு அவங்கட, ஊர் அவங்கட, நான் விருந்தாளி மாதிரிப் போய் படலையடில நிக்கணும். அந்த அத்தான் ஹோன் அடிக்கிறத நான் சரி எண்டு சொல்லல்ல, ஆனா உள்ளுக்கு வாங்க எண்டு ஆரும் சொல்லாத இடத்துல ஆம்பிளை கோவத்துலதான் நிப்பான்.

எங்கட வீட்டுல நான் வச்ச சட்டம் ஒண்டுதான். மகள் வந்து நிக்கக்குள்ள அவட அம்மாவப் பத்தி ஒரு சொல்லு ஆரும் பேசப்படாது. என்ட அம்மாவும் தங்கச்சிமாரும் முதல்ல கோவிச்சாங்க, "உனக்குச் செஞ்சத மறந்திட்டியா" எண்டு கேட்டாங்க. அவள்ட பாதி உடம்பு அவட அம்மாதானே, அம்மாவ ஏசினா அவளைத்தான் ஏசுறம் எண்டு சொன்னன். இப்ப மகள் அம்மாட கதை எல்லாம் என்னோட சாதாரணமாக் கதைப்பாள், அம்மா புதுச் சாரி வாங்கின, அம்மா கேக் செஞ்ச எண்டு. அது எனக்குச் சந்தோசம். அந்த அத்தானோட கதைக்க உங்கட பக்கத்துல ஒரு ஆம்பிளை ஆள் இருந்தா, சண்டைக்கு இல்லாம, ஒரு தேத்தண்ணிக் கடைல இருந்து கதைக்கச் சொல்லுங்க. அவர் மற்றப் பக்கம் பாத்துக்கிட்டு நிண்டார் எண்டீங்களே, அந்த மனுசனுக்கும் விளங்கித்தான் இருக்கு.

கல்லாத்துச் சித்தி:

எல்லாருக்கும் நன்றி, அழுதுக்கிட்டுத்தான் வாசிச்சன். வாழைச்சேனை அண்ணன் சொன்னது நான் யோசிச்சே பாக்காத பக்கம். அக்காட்ட மெல்லக் கதைச்சன். றெக்கோட் பண்றத நிப்பாட்ட அவ ஒத்துக்கிறாவில்ல, "வழக்குல என்னட்ட வேற என்ன ஆதாரம் இருக்கு" எண்டு கேக்கிறா. சட்டம் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருந்தா சொல்லுங்க.

கல்முனைச் சட்டத்தரணி:

உங்கட அக்காட பயம் சும்மா வந்ததில்ல, சட்டமே அப்பிடித்தான் இருக்கு. எங்கட பொதுத் திருமணச் சட்டம் 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், அதுல விவாகரத்துக்குக் காரணம் மூணுதான்: கலியாணத்துக்குப் பிறகு வேற ஆளோட தொடர்பு, வேணுமெண்டே கைவிட்டுப் போறது, கலியாண நேரத்துலயே இருந்த, உடலுறவு கொள்ள ஏலாத தீராத குறை. ரெண்டு பேருக்கும் ஒத்து வரல்ல எண்டு சொல்லிப் பிரிய ஏலாது, ஆராவது ஒராள்ல குற்றத்தக் காட்டணும். அதால வழக்குப் போட்ட நாள்ல இருந்து ரெண்டு பக்கமும் மற்றாள்ட குறை பொறுக்கத் துடங்குவாங்க, வீட்டுக்குள்ள கண்ணும் காதுமா இருக்கிற ஒரே சாட்சி பிள்ளைதான். சட்டம் மாறாம இது முழுசா மாறாது, ஆனா ஒரு விசயத்தப் பிரிச்சு விளங்கிக்கோங்க. விவாகரத்துக்குத்தான் குற்றம் பாக்கிறது. பிள்ளை ஆரோட இருக்கிறது எண்ட கேள்விக்கு நீதிமன்றம் முதல்ல பாக்கிறது பிள்ளைட நலன். அங்க தகப்பன் எவ்வளவு கெட்டவன் எண்ட றெக்கோட்டிங்க விட, தாய் பிள்ளைய எப்பிடி வச்சிருக்கா, தகப்பனப் பாக்க விடுறாவா, ஸ்கூல், வைத்தியம் எல்லாம் ஒழுங்கா நடக்குதா எண்டதுக்குத்தான் கனம்.

பிள்ளைய இருத்தி வச்சிக் கேட்ட றெக்கோட்டிங்க எதிர்ப்பக்கச் சட்டத்தரணி கேட்டா முதல் கேள்வியே "தாய் சொல்லிக் குடுத்திருக்கா" எண்டுதான் வரும். நீதிபதி விரும்பினா பிள்ளையத் தன்ட அறைக்குக் கூப்பிட்டுத் தனியாக் கதைக்கலாம், நன்னடத்தை உத்தியோகத்தர்ட அறிக்கை கேக்கலாம். சொல்லிக் குடுத்த வசனம் பத்து வயசுப் பிள்ளைட வாயில எப்பிடி நிக்கும் எண்டு அவங்களுக்கு நல்லாத் தெரியும். ஐநா சிறுவர் உரிமைச் சமவாயம், இலங்கை 1991ல ஏற்றுக்கொண்டது, அதுல 12ஆம் உறுப்புரை பிள்ளைக்குத் தன்ட கருத்தச் சொல்ல உரிமை குடுக்குது. சொல்ல உரிமை எண்டா, சொல்லாம இருக்கவும் உரிமைதான். மாமாட்ட இத வாசிச்சுக் காட்டுங்க.

இன்னும் கொஞ்சம். தாபரிப்பு வேற, பிள்ளையப் பாக்கிறது வேற. காசு தரல்ல எண்டா 1999ஆம் ஆண்டு 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்துல நீதவான் நீதிமன்றத்துக்குப் போகணும், பிள்ளையக் காட்டாம விடுறது அதுக்கு மருந்தில்ல. உண்மையா அடி, மிரட்டல் இருந்தா 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கு, பிள்ளைக்காக தாயோ பாதுகாவலரோ பொலிசோ கேக்கலாம், அவசரத்துக்கு 14 நாள் வரைக்கும் இடைக்காலக் கட்டளை, விசாரிச்ச பிறகு 12 மாதம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை. அக்காக்கு வக்கீலுக்குக் காசு கஷ்டம் எண்டா சட்ட உதவி ஆணைக்குழு மட்டக்களப்புலயும் கல்முனையிலயும் இருக்கு.

சாய்ந்தமருது ராத்தா:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும். எங்கட முஸ்லிம் ஆக்களுக்கு பஸஹும் (பொஞ்சாதி கேக்கிற விவாகரத்து) தாபரிப்பும் காழி நீதிமன்றத்துல, ஆனா பிள்ளை ஆருட்ட எண்டு பிரச்சினை வந்தா மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போகணும், அதால சில குடும்பம் ரெண்டு இடத்துக்கும் அலையும். அந்த அலைச்சல்ல பிள்ளைகளையும் இழுத்துக்கிட்டு வருவாங்க, காழிட வீட்டு முத்தத்துல உம்மாவும் வாப்பாவும் ஆளுக்காள் ஏசக்குள்ள பிள்ளை ஒரு மூலைல உக்காந்து மண் கிண்டிக்கிட்டு இரிக்கும். ஏலுமான வரைக்கும் வழக்கு நாள்ல பிள்ளையள உம்மம்மாவோட வீட்ட விட்டுட்டுப் போங்க.

நான் செய்யிறது இதுதான். மகன்ட வாப்பாக்கு நான் போன் எடுக்கிறல்ல, மெசேஜ் மட்டும், ஸலாம் சொல்லி விசயத்தச் சொல்லி முடிப்பன். அவர் பழசக் கிளறி எழுதினா அந்த வரிக்குப் பதில் இல்ல, மகன்ட விசயத்துக்கு மட்டும் பதில். பெருநாளைக்கு காலைல ஒரு வீடு, பின்னேரம் ஒரு வீடு எண்டு நோன்பு துடங்க முதலே எழுதி முடிவெடுத்திடுவம், அண்டைக்குக் காலைல சண்டை பிடிக்க ஒண்டும் மிச்சமிருக்காது. மகன் "வாப்பா ஏன் நம்மளோட இல்ல" எண்டு கேட்டா ஒவ்வொரு முறையும் அதே பதிலைத்தான் சொல்லுவன், புள்ளைக்கு பதில் மாறாம இரிக்கிறதே ஒரு நிம்மதி.

வாகரை அம்மம்மாட பேரன்:

இடைல கேக்கிறதுக்கு மன்னிக்கணும். எங்கட அக்கா குவைத்துல வீட்டு வேலைக்குப் போய், மகள் அம்மம்மாவோட இருக்கிறாள். தகப்பன் குடி, இடைக்கிட வந்து பிள்ளைய என்னோட அனுப்பு எண்டு சத்தம் போடுவார். லோன்காரர் வேற வீட்டுக்கு வாறாங்க. பிள்ளை இப்ப ஒருத்தரோடயும் கதைக்கிறல்ல.

உளவளத்துணை, மட்டு:

தம்பி, இது பாதுகாப்புப் பிரச்சினை, பொறுத்திருக்கிற விசயமில்ல. கிராம சேவகருக்கும் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் இப்பவே தெரியப்படுத்துங்க, அவர் குடிச்சிட்டு வந்து கத்தினா பொலிசுக்கு எடுங்க. அம்மம்மா தனிய நிண்டு வாதாடத் தேவையில்ல. அக்காவோட வீடியோ கோல் ஒரே நேரத்துல, கொஞ்ச நேரமெண்டாலும் தவறாம நடக்கட்டும், அதுல காசுக் கதை, தகப்பன்ட கதை வேணாம், பிள்ளை கதைக்காட்டியும் அவள்ட கொப்பியக் காட்டட்டும், கோழிக்குஞ்சக் காட்டட்டும். கதைக்காத பிள்ளைய "ஏன் ஊமையா இருக்காய்" எண்டு கேக்கப்படாது. 1996ல மட்டக்களப்புல வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா துடங்கினது போருக்குள்ள வளந்த பிள்ளைகளுக்காக, தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒண்டா வந்து களிமண் பிசைஞ்சாங்க, சித்திரம் கீறினாங்க, கதை சொன்னாங்க, நாடகம் போட்டாங்க. பேச வாய் வராத பிள்ளைக்குக் கை பேசும். அவளுக்குக் கலர்ப் பெட்டி ஒண்டும் வெள்ளைக் கடதாசியும் வாங்கிக் குடுங்க, கீறினத விளக்கச் சொல்லிக் கேக்காம பக்கத்துல இருங்க. ஒரு மாதத்துக்கு மேல இப்பிடியே இருந்தா, இல்லாட்டி நித்திரை சாப்பாடு இல்லாமப் போனா, சாகணும் எண்ட கதை ஒரு தரம் வந்தாலும், ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. 1926 மனநல உதவி இலக்கம், அக்காவோ அம்மம்மாவோ தங்களுக்காகவும் எடுக்கலாம்.

மாமாங்கத்து ஆச்சி:

பேத்தி எழுதித் தாறாள், நான் சொல்றன். நூல் கட்டுறத ஆரும் ஏசாதீங்க, கோயிலுக்குப் போனா அந்த அம்மாக்கும் மனசு ஆறும், பிள்ளைக்கும் நல்லதுதான். ஆனா மகள், "உனக்குப் பேய் பிடிச்சிருக்கு" எண்டு மட்டும் பிள்ளைட காதுல விழப்படாது. ஏற்கெனவே பயந்த பிள்ளைக்கு உள்ளுக்குள்ள பேய் இருக்கு எண்டு சொன்னா இரவுல எங்க ஓடும்? கும்பிட்டு, திருநீறு பூசி, வாற வழில கச்சான் வாங்கிக் குடுத்து கூட்டிட்டு வாங்க. அப்பாக்கும் சேத்துக் கும்பிடு எண்டு சொல்லுங்க.

கல்லாத்துச் சித்தி:

ஆச்சி, அம்மாக்கு இத வாசிச்சுக் காட்டினன். அப்பாக்கும் சேத்துக் கும்பிடு எண்ட இடத்துல எழும்பி குசினிக்குப் போய்ட்டா, ஆனா அடுத்த நாள் அந்தச் சேட்டு கொடில கிடந்த. ஆரு கழுவின எண்டு நான் கேக்கல்ல.

மாமா நீதிமன்றத்துக்குக் கூட்டிட்டுப் போற கதைய விட்டுட்டார். அக்கா றெக்கோட் பண்றத விடுவன் எண்டு இன்னும் சொல்லல்ல, ஆனா வகுப்பு டீச்சர என்னோட வந்து சந்திக்க ஒத்துக்கிட்டா. ரியூசன்ல கைமாத்துற யோசனைய மாமா அத்தானுக்கு போன்ல சொன்னார், அவர் "பாப்பம்" எண்டார், அதுக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்ல. வயித்துக்குத்து இந்த வெள்ளியும் வந்த. பிரதேச செயலகத்துக்குப் போறதெண்டா என்ன கொண்டு போகணும், மூத்தவனையும் கூட்டிட்டுப் போகணுமா?

உளவளத்துணை, மட்டு:

பிள்ளைய முதல் நாள் கூட்டிட்டு வர வேணாம், நீங்களும் அக்காவும் மட்டும் வாங்க. அக்காட அடையாள அட்டை, பிள்ளைகள்ட பிறப்புச் சான்றிதழ் பிரதி, டொக்டர் எழுதின துண்டு, நீதிமன்றம் ஏதும் கட்டளை குடுத்திருந்தா அதுட பிரதி. உத்தியோகத்தருக்குக் களப்பயணம் இல்லாத நாளாப் பாத்து போன் பண்ணிட்டு வந்தா அலைய வேண்டி வராது. அத்தானையும் தனியா ஒரு நாள் கூப்பிட்டுக் கதைக்க அவங்களால ஏலும், அவர் திருக்கோவில்ல இருக்கிறபடியா அங்கத்தைப் பிரதேச செயலகத்துலயும் கதைக்கலாம். "பாப்பம்" எண்டு சொன்ன ஆள் மாட்டன் எண்டு சொல்லல்ல, இந்தச் சனிக்கிழமை ரியூசன் முடியிற நேரத்த மட்டும் மாமா அவருக்கு ஒரு மெசேஜ்ல போடட்டும்.